கழித்த கோழி

மாலையில் பூங்காவில் நம் வயதுக்காரர்கள் உட்கார்ந்து நாட்டுக்கோழியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து இன்னொரு சுற்று நடக்கப் போய்விடுவேன். நீங்கள் கவனித்திருப்பீர்கள். சர்க்கரைக்காரி, நடக்கட்டும் என்று நினைத்திருப்பீர்கள். அதற்காக இல்லை. "அந்தக் காலத்துல வீட்டுலயே வளர்த்தோம், என்ன சுத்தம், என்ன ருசி" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டும்போது என்னால் அங்கே உட்கார முடிவதில்லை. எங்கள் வீட்டிலும் வளர்த்தோம். ருசி இருந்தது, அதை மறுக்கமாட்டேன். சுத்தம் இருந்ததாக நினைவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எனக்குப் பத்து, பதினோரு வயது. ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆற்றுக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வாடகை வீடு. முன்னால் இரண்டு அறை, பின்னால் அதைப்போல மூன்று மடங்கு தோட்டம். தோட்டம் என்றால் ஒரு முருங்கை, ஒரு கிணறு, துவைக்கிற கல், மீதி மண். அப்பாவுக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. இயந்திரத்துக்கான உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து, மயிரிழை கூடவோ குறையவோ இருந்தால் ஒதுக்கி வைப்பது அவர் பொறுப்பு. அந்தக் கையும் கண்ணும் அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். அம்மா சுட்ட தோசையைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் சாப்பிடுவார்.

அப்போதுதான் பண்ணை முட்டை கடைகளுக்கு வர ஆரம்பித்திருந்தது. அப்பா ஒன்றை உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றி, விரலால் தொட்டுப் பார்த்து, "இது முட்டையா? சுண்ணாம்புத் தண்ணி" என்றார். அடுத்த மாதம் திருநெல்வேலிப் பக்கம் அத்தை ஊருக்குப் போனவர், ஒரு சேவலும் நாலு பெட்டையும் கூடையில் வைத்து ரயிலில் கொண்டுவந்தார். பெருவிடை என்று சொல்லுகிற பழைய இனம். நீண்ட கால், தடித்த எலும்பு, நிமிர்ந்த கழுத்து. சேவல் என் இடுப்புக்கு மேலே வந்தது. "கலப்பே இல்லாத வம்சம். இதை இன்னும் சுத்தமாக்கிக் காட்டுதேன்" என்றார் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பரிசோதனை நடக்கும். கோழியின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. அப்பா கட்டைவிரலை அதன் நெஞ்செலும்பு மேலே ஓட்டிக்கொண்டு போவார். வளைந்திருந்தால் ஆகாது. கொண்டை சிறுத்துத் தலையோடு ஒட்டியிருக்க வேண்டும், சரிந்தால் ஆகாது. நடக்கவிட்டுப் பார்ப்பார், நெஞ்சு தாழ்ந்தால் ஆகாது. பெட்டைக்கு வாலடியில் இரண்டு எலும்புக்கு நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று பார்ப்பார். அகலமாக இருந்தால்தான் நன்றாக முட்டையிடும் என்பது கணக்கு. "உன் விரலை வச்சுப் பாருட்டி" என்பார். வைப்பேன். சூடும் ஈரமும். பிறகு எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அந்த விரலால் சோறு பிசைய அருவருப்பாக இருக்கும்.

கோழிப்பேனைப் பார்த்திருக்கிறீர்களா? மிளகுத்தூளைத் தூவிய மாதிரி இருக்கும், ஆனால் நகரும். கோழியைப் பிடித்த கையில் ஏறி, முழங்கை தாண்டி, கழுத்து வழியாகப் பின்னலுக்குள் போய்விடும். வகுப்பில் சொறிந்துகொண்டே இருப்பேன். டீச்சர் என்னைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்து, "வீட்டுல தலை வார மாட்டாங்களா?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் அம்மா என் முடியைக் காதளவுக்கு வெட்டிவிட்டாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தேறாத கோழியைக் கீழே விட்டு அப்பா "கழிச்சாச்சு" என்பார். அவ்வளவுதான். அன்று மத்தியானம் அது குழம்பில் இருக்கும். காலையில் என் கையில் இதயம் படபடக்க இருந்தது, ஒரு மணிக்கு என் தட்டில் இருக்கும். அழுதுகொண்டு எழுந்து போனேன் என்று சொன்னால் உங்களுக்கு என்மேல் மதிப்பு வரும். இல்லை, நன்றாகச் சாப்பிட்டேன். எலும்பை உறிஞ்சினேன்.

அதைவிட மோசம், முட்டை உடைக்கிற நாள். அடை வைத்து இருபத்தொரு நாள் தாண்டியும் பொரிக்காத முட்டைகளை அப்பா தூக்கி எறிய விடமாட்டார். தினத்தாளை விரித்து ஒவ்வொன்றாக உடைக்கச் சொல்வார். எந்தக் கட்டத்தில் செத்தது என்று தெரிந்தால்தான் தாயின் தரம் தெரியுமாம். சிலதில் வெறும் சிவப்பு நூல்கள். சிலதில் கண் மட்டும் கறுப்பாக, உடம்பே இல்லாமல். சிலதில் இறகு முளைத்த முழுக்குஞ்சு, கொழகொழவென்று. ஒரு தடவை கூமுட்டை ஒன்று என் கையிலேயே வெடித்தது. முகம், வாய், சட்டை எல்லாம் பச்சையாகத் தெறித்தது. நான் கிணற்றடிக்கு ஓடி வாந்தி எடுத்தேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடுத்த வீட்டு மாமி எட்டிப்பார்த்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன நாத்தம் இது! எங்காத்துல ஸ்வாமிக்கு விளக்கேத்தக்கூட முடியலை. கொழந்தைய வச்சுண்டு என்ன கண்றாவி பண்ணிண்டிருக்கேள்?" என்றாள்.

"ஆராய்ச்சி மாமி" என்றார் அப்பா.

எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வந்தவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். முப்பது வயது இருக்கும். ஆற்றோரக் குடிசைகளில் ஒன்றில் இருந்தாள். அன்று அவள்தான் என் வாயைக் கழுவி, தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அவளும் நாலு கோழி வைத்திருப்பதாக என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கறிக்கு இல்லை, முட்டைக்கும் இல்லையாம். "காத்தால எழுந்தா எதுனா ஒண்ணு நம்மள பாத்து ஓடியாரணும்ல பாப்பா, அதுக்குத்தான்" என்பாள். அவளுக்குக் குழந்தை இல்லை.

இரண்டாம் வருஷம் அப்பா, அந்த ஊர்ச் சேவலையே அதற்குப் பிறந்த பெட்டைகளோடு சேர்த்தார். "ரத்தம் வெளிய போகக் கூடாது" என்றார். பிறகு அந்தக் குஞ்சுகளையும் வளர்த்து, அதே சேவலோடு சேர்த்தார். பொரிப்பது குறைந்துகொண்டே வந்தது. பொரித்ததில் சிலதுக்கு மேலலகு ஒரு பக்கம், கீழலகு ஒரு பக்கம். ஒன்றுக்கு ஒரு கண்ணே இல்லை, அந்த இடத்தில் தோல் மூடியிருந்தது. அப்பா அவற்றை வாளித் தண்ணீரில் போட்டு மேலே மூடி வைத்துவிடுவார். கொஞ்ச நேரம் உள்ளே டப்டப் என்று கேட்கும்.

துவைக்கிற கல்லில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, மெதுவாக, "அப்பனுக்கே பொண்ண கட்டிக்குட்த்தா இன்னா பாப்பா பொறக்கும்?" என்றாள். நான் அதை அப்படியே ராத்திரிச் சாப்பாட்டில் அப்பாவிடம் சொன்னேன். புத்திசாலித்தனமாகப் பேசுவதாக நினைப்பு. அப்பா சிரிக்கவில்லை. "பாத்திரம் தேய்க்க வந்தவ எனக்குப் பாடம் சொல்லுதாளா?" என்றார். மறுநாளிலிருந்து அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அடுத்த ஈட்டில் பொரித்ததில் ஒரு கறுப்புக் குஞ்சு. துடிப்பாக இருந்தது. வலது காலில் நடுவிரல் மட்டும் உள்பக்கம் வளைந்திருந்தது. அப்பா அதைத் தூக்கி அவளிடம் நீட்டினார். "கழிச்சாச்சு. புதைச்சிரு."

"உசுரோடவா சார்?"

"வாளி இருக்குல்ல."

அவள் வாங்கிக்கொண்டு தோட்டத்துக் கோடிக்கு நடந்தாள். போகிற வழியில் குஞ்சு அவள் இடுப்பு மடிப்புக்குள் போனதை நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள். உதட்டில் விரல் வைத்தாள். நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு விஷயத்தில் வாயைக் காத்தேன்.

ஒன்றரை வருஷம் போயிற்று. நகரத்தில் ஒரு மைதானத்தில் கோழிக் கண்காட்சி நடந்தது. அப்பா இருந்ததிலேயே சிறந்த இளஞ்சேவல் ஒன்றைக் குளிப்பாட்டி, காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக் கொண்டுபோனார். எங்கெங்கிருந்தோ வந்த கோழிகளுக்கு நடுவே மூன்று நாள் அது கூண்டில் நின்றது. கையகலக் கோப்பை ஒன்றோடு திரும்பினார்கள், அப்பாவும் சேவலும்.

சேவலை நேராகத் தோட்டத்தில் திறந்துவிடப் போனார் அப்பா. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா எழுந்து வந்தாள். "சார், நாலு எடம் போய்ட்டு வந்த கோழி. பத்து நாள் தனியா கட்டிப் போடு சார்."

அப்பா அவளைப் பார்க்காமலே கூடையைத் திறந்தார்.

நாலாம் நாள் அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் கோப்பையைப் பார்க்க வந்தார்கள். "சேவலைத் துடைச்சுத் தூக்கிட்டு வாட்டி" என்றார். நான் தோட்டத்துக்குப் போனேன். சேவல் மதிலோரம் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. வாலிறகு முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாக நீர்த்த கழிச்சல் அப்பியிருந்தது. அந்த நாற்றம் எனக்குத் தெரிந்த கோழி நாற்றம் இல்லை. இது நோய் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் உள்ளே விருந்தாளிகள் இருந்தார்கள், அப்பா சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நான் பழைய துணியை நனைத்து இறகு இறகாகத் துடைத்து, சேவலைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லோரும் அதைத் தடவிப் பார்த்தார்கள்.

எட்டாம் நாள் முதல் கோழி விழுந்தது. வெள்ளைக் கழிச்சல் என்கிற தொற்று நோய். பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் சுத்தம் சுத்தம் என்கிறீர்கள். கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். ஒரு பக்க இறக்கை தரையில் இழுபடும். நின்ற இடத்திலேயே பச்சையாகக் கழியும், அதிலேயே விழும். ஒரு வாரத்தில் இருபத்தாறு கோழி, ஒன்று மிஞ்சவில்லை. குழி தோண்டித் தோண்டித் தோட்டத்தில் இடம் போதவில்லை. ஆழமாகத் தோண்டாததால் நாய் கிளறிப் போட்டது. வாசலில் ஒரு கால் கிடந்தது. பள்ளிக்குப் போகும்போது அதைத் தாண்டித்தான் போனேன்.

கோப்பைச் சேவல் செத்த அன்று அப்பா அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"உன் குப்பத்துல கோழி இருக்கா?"

"கீது சார். நாலஞ்சு."

"அங்கேருந்துதான் வந்திருக்கு. உன் சேலையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கு நோவு."

"என் கோழிங்கோ நல்லா கீது சார். ஒண்ணுகூட சொணங்கல."

"நாளையிலேருந்து வராத."

அம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். "அவ என்ன பண்ணா?" என்று கேட்டாள். அக்கா கையைக் கழுவினாள், என் பக்கம் ஒரு தடவை திரும்பினாள், போனாள். நனைந்த துணியும் அந்தப் பச்சையும் என் கண் முன்னால் இருந்தன. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு அப்பா சைக்கிளை எடுத்தார். "வாட்டி, அவ கோழிகளை ஒரு கண்ணு பாத்துட்டு வந்திருவோம். சந்தேகம் தீரணும்." சந்தேகம் தீர்க்கப் போகிறவர் பின்னால் கூடையை ஏன் கட்டினார் என்று நான் கேட்கவில்லை.

ஆற்றங்கரையில் சாக்கடை கலந்த கறுப்புத் தண்ணீர், சேற்றில் பன்றிகள். அந்த நாற்றத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், ஏதோ நான் மல்லிகைத் தோட்டத்திலிருந்து வந்தவள் மாதிரி. அவள் குடிசை ஒரு மேட்டில் இருந்தது. வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. மண் சட்டியில் கோழிகளுக்குத் தண்ணீர். அந்த மேட்டில்தான் பார்த்தோம். ஒரு கறுப்புத் தாய்க்கோழி, பளபளவென்று, நெஞ்சு நிமிர்ந்து. சுற்றிலும் மூன்று வாரக் குஞ்சுகள் ஏழு. முந்தின ஈட்டில் வளர்ந்த இரண்டு இளம் பெட்டைகளும், விடைகள் என்போம், ஒரு இளஞ்சேவலும். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒன்று இருந்ததில்லை.

அப்பா அவற்றைச் சுற்றி நடந்தார். பிறகு குனிந்து கறுப்பியின் காலைப் பார்த்தார். வளைந்த விரல்.

"இது என் கோழி."

"நீ தூக்கிப் போட்டது சார்" என்றாள் அக்கா.

"புதைக்கச் சொன்னேன். திருடிட்டு வரச் சொல்லலை. போலீஸ்ல சொல்லட்டுமா?"

சுற்றி ஆட்கள் கூடினார்கள். போலீஸ் என்றதும் ஒரு பெரியவர், "இன்னாத்துக்கும்மா வம்பு, சார் கேக்கறத குட்த்துடு" என்றார். அப்பா அதற்குள் விடைகளைப் பிடித்து, நெஞ்செலும்பில் கட்டைவிரலை ஓட்ட ஆரம்பித்திருந்தார். முகத்தில் அத்தனை நாள் இல்லாத வெளிச்சம். ஒன்று கூடைக்குள் போயிற்று. இன்னொன்று. இளஞ்சேவல்.

அக்கா கேட்டாள். "என் கோழிலேர்ந்துதான் நோவு வந்துச்சுன்னியே சார். அப்போ நோவுக் கோழிய இன்னாத்துக்கு வூட்டுக்கு எட்துக்கினு போற?"

அப்பா கூடையின் மூடியைக் கட்டினார்.

"தாயையாவது வுட்டுடு சார். குஞ்சு கீது."

"அது கழிச்சது. எனக்கு வேண்டாம்" என்றார். போயிருப்போம். அப்படியே போயிருப்போம்.

நான்தான் பேசினேன். "அப்பா, குஞ்சு காலையெல்லாம் பாருங்க. ஒண்ணுக்குக்கூட விரல் வளையலை. தாய்தான்பா நல்ல கோழி."

யாரும் என்னைக் கேட்கவில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் காலைப் பிடித்து நின்று கற்றுக்கொண்டதை ஒப்பித்தேன். அப்பா குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "ஆமாட்டி" என்றார். கறுப்பியைப் பிடித்தார். அது கத்தியது. குஞ்சுகள் கூடையைச் சுற்றி ஓடின.

அக்கா என்னைப் பார்த்து, "பாப்பா" என்றாள்.

சைக்கிளின் முன்கம்பியில் என்னை உட்காரவைத்துக்கொண்டு அப்பா மிதித்தார். "உனக்குக் கண்ணு இருக்கு" என்றார். அதற்கு முன் அவர் என்னைப் பாராட்டியதில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இன்று யோசித்தால் குமட்டுவது கூமுட்டை இல்லை, அந்தச் சந்தோஷம்தான்.

வீட்டில் அம்மா கூடைக்குள் பார்த்தாள். "குஞ்சு வச்சிருந்துதா?"

"அங்கேயே இருக்கு" என்றேன் நான்.

அம்மாவின் முகம் மாறியதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. சேவலைத் துடைத்த கதையை அவளிடம் சொல்லிவிட்டேன். பச்சைக் கழிச்சல், நனைத்த துணி, எல்லாம். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அப்பா முன்னால் நிறுத்தினாள். "நோவு உங்க சேவலோடதான் வந்திருக்கு. கேளுங்க இவளை. அந்தப் பொண்ணுகிட்டக் கோழியைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வாங்க."

அப்பா கூண்டுக் கதவை மாட்டிக்கொண்டே, "தெரியும்" என்றார். "அதுக்கென்ன இப்போ?"

அம்மா அதற்குப் பிறகு அந்த வீட்டில் முட்டை தொடவில்லை. எங்களுக்குச் சமைத்துப் போட்டாள், அவள் சாப்பிடவில்லை. அவளால் செய்ய முடிந்தது அதுதான் போலும்.

கறுப்பி மூன்று நாள் கூண்டின் மூலையில் நின்று குஞ்சைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. பிறகு குரல் போய்விட்டது. ஒரு முட்டைகூட வைக்கவில்லை. இரண்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, "கழிச்சாச்சு" என்றார். அன்றும் நான் சாப்பிட்டேன். தொடைக்கறி எனக்கு வைத்தார்கள்.

அந்த இரண்டு விடையையும் சேவலையும் வைத்துத்தான் எங்கள் தோட்டம் மறுபடி நிறைந்தது. அப்பா பிறகு ஒருநாளும் தகப்பனையும் மகளையும் சேர்க்கவில்லை. வெளிச் சேவலைத் தேடி அலைந்தார், வந்ததைத் தனியாகக் கட்டிப்போட்டார். யார் சொல்லிக்கொடுத்தது என்று சொன்னதில்லை. தி.நகரிலிருந்தும் அடையாற்றிலிருந்தும் குஞ்சு கேட்டு ஆள் வரும். "நானே தேர்ந்தெடுத்து உருவாக்கின வம்சம்" என்பார். சாகும்வரை அதை நம்பினார். அல்லது நம்பவில்லை, சொன்னார்.

ஆற்றோரக் குடிசைகளைக் கொஞ்ச நாளில் அகற்றி, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அக்காவைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் ஆதம்பாக்கத்தில் தோழி வீட்டுக்குப் பஸ்ஸில் போனேன். முன் சீட்டிலிருந்து ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். நரைத்திருந்தாள். "பாப்பா தானே?" என்றாள். எனக்கு முன் அவள் கண்டுபிடித்துவிட்டாள். அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். என் முடி வளர்ந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டாள். நான் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வாயெடுத்தேன், வேறு என்னவோ வந்தது.

"அந்தக் குஞ்சுங்க என்னாச்சு அக்கா?"

"ரெண்டு பொழச்சிது. மீதிய காக்கா தூக்கினு பூடுச்சு." வெயில் அடிக்கிறது என்று சொல்லுகிற மாதிரிச் சொன்னாள். பிறகு தயங்கி, "கறுப்பி இன்னும் கீதா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றேன்.

"முட்ட வெச்சிதா?"

"நெறைய."

"அடைக்கு ஒக்காந்துச்சா?"

"மூணு தடவை. எல்லாம் பொரிச்சுது."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, இதில் ஒன்றும் தெரியாத ஒரு கிழவியின் தொடையில் தட்டி, "நம்ம கையில வளந்த கோழிம்மா, சார் வூட்ல நல்லா கீதாம்" என்றாள்.

நான் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். தோழியின் வீட்டுக்கு இன்னும் நாலு நிறுத்தம் இருந்தது.